பனந்துண்டம் துளிர்த்த திருமணம்

மந்திர ஆற்றல் வாய்ந்த சகோதரியரைப் பற்றிய கதைகள் இன்று நம் இல்லங்களில் பெரிதும் புழங்குகின்றன. உயர்நிலைப் பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் நம் பெண்மக்கள் விரும்பிப் படிக்கும் நாவல்களில் அக்காள் காற்றை ஏவுகிறாள். தங்கை நெருப்பை அடக்குகிறாள். இருவரும் சேர்ந்து கொடிய அரசன் ஒருவனை வீழ்த்துகின்றனர். பெற்றோர் பலர் இவற்றைக் கண்டு முகம் சுளிக்கின்றனர். மேனாட்டார் கட்டிவிட்ட இந்தப் பொய்க்கதைகள் நம் மக்களுக்கு எதற்கு என்பது அவர்கள் கேள்வி. கேள்வி நியாயமானதே. ஆயினும் இத்தகைய கதைகள் மேனாட்டாருக்கு மட்டும் உரியன அல்ல என்பதை முதற்கண் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

'ஆயிரத்தொரு இரவுகள்' அறியாத முஸ்லிம் இல்லம் தமிழகத்தில் இல்லை எனலாம். அந்நூலில் பஸ்ராவின் ஹஸன் என்பான் கதை ஒன்றுண்டு. ஜின் அரசன் ஒருவனின் புதல்வியர் எழுவர் மலைமேல் ஒரு மாளிகையில் தனித்து வாழ்கின்றனர். அங்கு வந்து சேர்ந்த ஹஸனைத் தம் உடன்பிறந்தானாகவே ஏற்றுக் காக்கின்றனர். பக்தாத் நகரத்து மூன்று பெண்களின் கதையில், பொறாமை கொண்ட தமக்கையர் இருவரை ஒரு ஜின் பெண் நாய்களாக மாற்றிவிடுகிறாள். நம் நாட்டுப்புறத்திலும் இதற்குக் குறைவில்லை. ஏரிக்கரைதோறும் எழு கற்கள் நட்டு ஏழு கன்னிமார் என்று சொல்லும் வழக்கம் தமிழகத்துச் சிற்றூர்களில் பரவலாக உண்டு. ஆகவே, வியப்பு ஆற்றல் பெற்ற சகோதரியர் கதை, பாட்டிமார் வாய்வழியே நம் நிலத்திலும் நெடுங்காலம் வழங்கி வந்ததே.

அப்படியாயின் நாம் ஆராய வேண்டியது, இக்கதைகள் மெய்யா பொய்யா என்பதை அன்று. மந்திரமும் வியப்பும் ஒரு கதைக்குள் புகும்போது, அக்கதைக்கு அடியில் கிடக்கும் வரலாற்றுக்கு என்ன நேர்கிறது என்பதே ஆராயத்தக்கது. இதற்குச் சான்றாகக் கள்ளக்குறிச்சிச் சீமையில் வழங்கும் சகோதரியர் இருவர் கதையை எடுத்துக்கொள்வோம்.

மலையும் ஆறும்

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து 2019-ஆம் ஆண்டு நவம்பரில் தனி மாவட்டமானது கள்ளக்குறிச்சி. அதன் மேற்கே கல்வராயன் மலை நீண்டு கிடக்கின்றது. கோமுகி ஆறு பிறப்பது அங்கேதான். மாவட்டத்தின் வடபால் தென்பெண்ணை ஓடுகிறது. அதன் கரையில் அமைந்த தொன்மையான ஊர் திருக்கோவிலூர். சங்க காலத்தில் கோவலூர் எனப்பட்ட இவ்வூர், கடையெழு வள்ளல்களுள் ஒருவனான மலையமான் திருமுடிக்காரியின் தலைநகர். ஆற்றின் நடுவே ஒரு பாறை நிற்கிறது. அதன்மேல் ஒரு சிறு கோவில் உள்ளது. கபிலர் குன்று என்பது அப்பாறையின் பெயர். சங்கப் புலவர் கபிலர் தம் உயிரை நீத்த இடம் அதுவே என்பது மரபு.

கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களிடம் ஒரு பழங்கதை உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்த பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் உடன்பிறந்தார் மூவர் இம்மலைத் தொடர்களில் ஏறிப் பிரிந்து குடியமர்ந்தனர் என்றும், அவர்கள் வழிவந்தோரே தாங்கள் என்றும் அம்மக்கள் கூறுவர். அம்மலைக்குக் கிழக்கே, சமவெளியில் வழங்குவதோ பெண்கள் இருவரின் கதை. அண்ணன் தம்பியர் நாடு துறந்து மலை ஏறினர். அக்காள் தங்கையர் மலையை இழந்து நாட்டுக்குள் இறங்கினர். முன்னவர் கதை மலைகளை உரிமையாகப் பெறுவதில் முடிகிறது. பின்னவர் கதை திருமணத்தில் முடிகிறது. இந்த வேறுபாடு எண்ணிப் பார்க்கத்தக்கது.

கதை சொல்லும் செய்தி

சகோதரியர் இருவரின் பெயர் அங்கவை, சங்கவை. பறம்பு மலையை ஆண்ட வள்ளல் பாரியின் மக்கள். பாரி இறந்த பின் ஆதரவின்றி ஒரு குடிசையில் வாழ்ந்திருந்தனர். ஒரு நாள் மழையில் நனைந்து வந்த ஔவைக்கு நீலச் சிற்றாடை கொடுத்து, கீரை சமைத்து விருந்தும் இட்டனர். மனம் குளிர்ந்த ஔவை, திருக்கோவலூர் மன்னன் தெய்வீகனுக்கு அவர்களை மணம் முடிக்கத் துணிந்தாள். மூவேந்தருக்கும் ஓலை போயிற்று. அவ்வோலையை எழுதியவர் விநாயகரே என்பர். அழைப்பை மீற இயலாமல் சேரனும் சோழனும் பாண்டியனும் வந்து சேர்ந்தனர். வெட்டிக் கிடந்த பனந்துண்டத்தில் பழம் காட்டுக என்று கேட்டனர். ஔவை பாடினாள். பனந்துண்டம் துளிர்த்தது, மரமாயிற்று, பழமும் ஈன்றது. பெண்ணை ஆறு பாலும் நெய்யுமாய்ப் பெருகி வந்தது. மணமும் இனிதே முடிந்தது. கூறுவோருக்கு ஏற்பக் கதை சற்றே மாறுமாயினும் இதன் சாரம் இதுவே.

கேட்பதற்கு இனிய கதைதான். ஆனால் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இக்கதையில் அற்புதம் செய்பவள் ஔவை, துளிர்ப்பது பனந்துண்டம், பெருகுவது ஆறு. சகோதரியர் இருவரும் ஆடை தருகின்றனர், அன்னம் தருகின்றனர், பின்னர் மணப்பந்தலில் அமர்கின்றனர். கதைக்குப் பெயர் தந்த அவர்கள் வாயிலிருந்து மனத்தில் நிற்கும் ஒரு சொல்கூட வருவதில்லை.

புறநானூறு காட்டும் பெண்கள்

இனி வரலாற்றுக்கு மிக அருகில் நிற்கும் சான்றுகளைப் பார்ப்போம். டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஏடு தேடி ஆராய்ந்து புறநானூற்றை அச்சில் வெளியிட்டது 1894-ஆம் ஆண்டில். பனந்துண்டம் துளிர்த்த கதையை மட்டுமே கேட்டு வளர்ந்திருந்த பொதுமக்களுக்கு வேறொரு பாரியும் வேறிரு பெண்களும் அதன்பின்னரே அறிமுகமாயினர்.

பறம்பு மலை, இன்றைய சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலை என்பது அறிஞர் பலரின் கருத்து. மூவேந்தரும் ஒன்றுசேர்ந்து அதனை முற்றுகையிட்டனர். மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் என்னும் நான்கும் உழவரின்றியே விளையும் மலை அது. படைகொண்டு அதை வெல்ல இயலாது. பாடியும் ஆடியும் வந்து கேட்பின் பாரி தானே தந்துவிடுவான் எனக் கபிலர் அவ்வேந்தருக்கு எடுத்துரைத்தார். பாரியின் முந்நூறு ஊர்களும் முன்பே பரிசிலர்க்குப் போய்விட்டன என்றும் கூறினார். முற்றுகைக் காலத்தில் பறவைகள் நெற்கதிர் கொணர்ந்த செய்தியை அகநானூறும் குறிக்கின்றது. முடிவில் பாரி மாண்டான். பறம்பு வீழ்ந்தது.

அதன்பின் வருகிறது புறநானூற்று 112-ஆம் பாடல். ஐந்தே அடிகள் கொண்ட அப்பாடலைப் பாடியவர் பாரி மகளிர். சென்ற மாதத்து நிலவொளியில் தமக்குத் தந்தையும் இருந்தான், மலையும் தம்முடையதாய் இருந்தது. இந்த மாதத்து நிலவொளியில் மலையை வேந்தர் கவர்ந்துகொண்டனர், தந்தையும் இல்லை என்பது அதன் பொருள். பாடல் முழுவதும் தன்மைப் பன்மையில் அமைந்தது. தமக்கையும் தங்கையும் ஒரே குரலாய்ப் பேசுகின்றனர். கண்ணீர் என்ற சொல் இல்லை, சாபமும் இல்லை. நிகழ்ந்தது இன்னது, செய்தவர் இன்னார் என்பதை நிலவைச் சாட்சி வைத்துக் கூறிவிட்டு நிறுத்திவிடுகின்றனர். வெற்றி முரசம் கொட்டிய வேந்தரைப் பெயரளவில் போற்றுவதுபோல் தொடங்கி, அவர் செய்த கொடுமையை அவர் தலைமேலேயே சுமத்திவிடும் அப்பாடலுக்கு இணையான குற்றச்சாட்டு தமிழில் அரிது.

116-ஆம் பாடலில் கபிலர் காட்டும் காட்சி நெஞ்சை உருக்குவது. முள்வேலி இட்ட சிறு வீடு. கொடி படர்ந்த குப்பைமேடு. அதன்மேல் ஏறி நின்று பெண்கள் இருவரும் சாலையில் போகும் உப்பு வணிகரின் வண்டிகளை எண்ணிக்கொண்டிருக்கின்றனர். இதே பெண்கள்தாம் முன்பு பறம்பின் உச்சியில் நின்று, தந்தைமேல் படையெடுத்து வந்த வேந்தரின் குதிரைகளை எண்ணியவர்கள்!

தந்தையின் தோழர் என்ற ஒரே உறவினால் கபிலர் அவர்களை அழைத்துக்கொண்டு ஊர் ஊராய்ச் சென்றார். விச்சிக்கோ என்னும் குறுநில மன்னனிடம் பெண் கொள்ளுமாறு வேண்டினார். இருங்கோவேளிடம் வேண்டினார். அவன் மறுத்தான். மூவேந்தரின் பகையைத் தேடிக்கொள்ள எவரும் துணியவில்லை என்றே கருத வேண்டியுள்ளது. பிரான்மலைக்கும் திருக்கோவிலூருக்கும் இடையே நேர்க்கோட்டில் அளந்தாலே ஏறத்தாழ 200 கிலோமீட்டர். பாதுகாவல் நாடிப் பெண்கள் இருவர் ஒரு புலவரின் பின்னே நடந்த தொலைவு அது.

மூன்று முடிவுகள்

இப்பெண்களின் முடிவு என்னவாயிற்று? சான்றுகள் ஒன்றுபடவில்லை. புறநானூற்றின் கொளுக் குறிப்பு, கபிலர் அவர்களைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்துவிட்டுத் தாம் வடக்கிருந்து உயிர் நீத்தார் என்கிறது. பல நூற்றாண்டு கழித்து, முதலாம் இராசராசன் காலத்தில் திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோவிலில் வெட்டப்பட்ட கல்வெட்டு, கபிலர் பாரியின் அடைக்கலப் பெண்ணை மலையமானுக்குக் கொடுத்துவிட்டுத் தீப் புகுந்தார் என்றும், அவ்விடம் கபிலக்கல் என்றும் கூறுகிறது. ஆங்கே பேசப்படுவது ஒரு பெண்தான். வாய்மொழிக் கதையோ இருவருக்கும் ஒரே பந்தலில் மணம் முடித்து, மூவேந்தரையும் விருந்தினராக்கிவிடுகிறது. அங்கவை, சங்கவை என்ற பெயர்களும் சங்கப் பாடல்களில் இல்லை. பிற்கால மரபு தந்தவையே.

கல்வெட்டிலுள்ள 'அடைக்கலம்' என்னும் சொல்லை நாம் ஆழ்ந்து நோக்குகிறோம். நம் இல்லங்களில் 'அமானிதம்' என்று வழங்கும் சொல்லின் பொருளும் இதில் அடங்கியுள்ளது. ஒருவர் நம்மை நம்பி விட்டுச் சென்றதைச் சேர வேண்டிய இடத்தில் சேர்க்கும்வரை நமக்கு ஓய்வில்லை என்பதே அதன் கருத்து. கபிலர் அவ்வாறே ஓய்வின்றி நடந்தார்.

ஆயினும் கபிலக்கல்லைப் பற்றிய அக்கல்வெட்டு அடிகளில் பாரியைக் கொன்றவர் யார் என்ற பேச்சே இல்லை. அதற்குக் காரணமும் காணலாம். இராசராசனின் தாய் வானவன் மாதேவி மலையமான் குலத்தவள். தந்தை வழியோ சோழர் குலம். பறம்பை முற்றுகையிட்ட மூவருள் ஒருவரின் குலம். தாய்வீட்டின் பெருமையைக் கல்லில் பொறிக்கும் இடத்தில் தந்தைவீட்டின் பழியை யார் பொறிப்பார்?

கல்வெட்டு பழியைப் பேசாமல் விட்டது. வாய்மொழிக் கதை அதையே கழுவிவிட்டது. தந்தையைக் கொன்றவர்கள் மகளிரின் மணப்பந்தலுக்கு வருகின்றனர், பனம்பழம் உண்கின்றனர், வாழ்த்திச் செல்கின்றனர். கேட்பவர் கண்கள் துளிர்த்த பனையைப் பார்க்கின்றன. வேந்தரின் கைகளைப் பார்ப்பதில்லை. பெண்களுக்குப் பெயர் கிடைத்தது; பேச்சு போயிற்று. பேச்சிழந்த பெயர் எளிதில் விளையாட்டுப் பொருளாகிவிடும். 2007-ஆம் ஆண்டில் வெளிவந்த 'சிவாஜி' திரைப்படத்தில், கருநிறப் பெண்கள் இருவரை எள்ளி நகையாடும் காட்சிகளுக்கு அங்கவை, சங்கவை என்னும் பெயர்களே பயன்பட்டன. திரையரங்கில் சிரித்தவர்களுள் எத்தனை பேர் அந்த ஐந்தடிப் பாடலை அறிந்திருப்பர்?

வியப்புக்கும் நற்பயன் உண்டு

இதனால் வியப்புக் கதைகள் யாவுமே தீயவை என்று நாம் கூற வரவில்லை. அதே கபிலரையும் அதே ஔவையையும் பற்றி வேறொரு கதையும் உண்டு. கபிலரகவல் என்னும் பிற்காலச் சிறுநூல் அதனைக் கூறும். ஆதி, பகவன் என்போருக்குப் பிறந்த மக்கள் எழுவர். உப்பை, உறுவை, ஔவை, வள்ளி என்போர் சகோதரியர். கபிலர், வள்ளுவர், அதிகமான் என்போர் சகோதரர். பிறந்த குழந்தையைப் பிறந்த இடத்திலேயே விட்டுச் செல்ல வேண்டும் என்பது பகவனின் ஆணை. தாய் கலங்கி நிற்கையில், அன்று பிறந்த பச்சிளங் குழந்தைகள் வாய் திறந்து, உயிர்களைப் படைத்தவன் தம்மைக் காப்பான் என்று வெண்பாவால் தேற்றினர் என்று வழிவழியாகக் கூறுவர். பின்னர் அக்குழந்தைகள் வண்ணார், பாணர், குறவர், பறையர், பார்ப்பார் எனப் பல குலத்தாரின் வீடுகளில் வளர்ந்தனர்.

வரலாற்றுக் கண்கொண்டு பார்த்தால் இக்கதையும் நில்லாது. வெவ்வேறு காலத்தவரை ஒரு வயிற்றில் பிறந்தவராக்கி வைத்துள்ளது. ஆனால் இதன் நோக்கம் என்ன? எந்தக் குலத்தில் வளர்ந்தாலும் அனைவரும் உடன்பிறந்தாரே, பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லை என்று உரக்கக் கூறுவதே. இங்கே சகோதரியர் பிறந்தவுடனேயே பேசுகின்றனர். அவர்தம் பேச்சு எளியோரின் பக்கம் நிற்கிறது. பனந்துண்டக் கதையிலும் மந்திரம் உண்டு, இதிலும் உண்டு. முன்னது வலியோரின் பழியை மறைத்தது. பின்னது எளியோரின் மதிப்பை உயர்த்தியது. ஒரு வியப்புக் கதையை எடைபோட இதைவிடச் சிறந்த அளவுகோல் வேறில்லை என்பது நம் எண்ணம்.

'ஆயிரத்தொரு இரவுக'ளைத் தாங்கி நிற்பவரும் சகோதரியர் இருவரே. நாளொரு மனைவியைக் கொல்லும் மன்னனின் முன்னே ஷஹ்ரஸாத் அமர்ந்து கதை கூறுகிறாள். தங்கை துன்யாஸாத் அருகிருந்து, கதை சொல் அக்கா என்று தூண்டுகிறாள். உள்ளே வரும் கதைகளில் ஜின்களும் மந்திரங்களும் நிறைந்திருக்கின்றன. கதை சொல்லும் அவ்விருவரிடமோ எந்த மந்திரமும் இல்லை. ஒருத்தியின் பேச்சும் மற்றொருத்தியின் கேள்வியும் சேர்ந்தே ஒரு நாட்டின் பெண்களைச் சாவிலிருந்து மீட்டன. பாரி மகளிரின் ஐந்தடிப் பாடல் மலையை மீட்டுத் தரவில்லை. எனினும் அது மறையாமல் நின்றதனால், கவர்ந்தவர் யார், இழந்தவர் யார் என்பது ஈராயிரம் ஆண்டு அளவாகியும் மாறாமல் விளங்குகிறது.

நம் இல்லத்துப் பெண்மக்களுக்கு

இப்போது தொடக்கத்தில் கூறிய பெற்றோரின் கேள்விக்கு வருவோம். நம் பெண்மக்கள் மந்திரச் சகோதரியரின் கதையை ஏன் இத்துணை விரும்புகின்றனர்? பழங்கதைகளில் சகோதரருக்கு மலையும் நாடும் கிடைத்தன. சகோதரியருக்கு மணப்பந்தல் மட்டுமே கிடைத்தது. இன்றைய நாவல் அப்பெண்களின் கையில் காற்றையும் நெருப்பையும் கொடுக்கிறது. தமக்கு நேர்ந்த அநீதியை எதிர்த்து நிற்க ஓர் ஆற்றல் வேண்டும் என்ற ஏக்கம் அதில் இருக்கிறது. அந்த ஏக்கத்தைப் பழித்தல் தகாது. அந்நூல்களைப் பறித்து வைப்பதாலும் பயன் விளையாது.

ஆனால் இரண்டு காரியங்களைப் பெற்றோர் செய்யலாம். கதையைப் படித்து முடித்த மகளிடம், இந்த மந்திரம் யாருக்குத் துணை நின்றது, யாருடைய குற்றத்தை மறைத்தது என்று கேட்கலாம். அக்கேள்வியைக் கேட்கப் பழகிய பெண், நாவலை மட்டுமன்றி நாளிதழையும் வரலாற்று நூலையும் தெளிந்த கண்ணோடு படிப்பாள். மற்றொன்று, புறநானூற்று 112-ஆம் பாடலை அவளுக்குப் பொருளோடு கற்பிக்கலாம். ஐந்தடிகளை மனத்திற்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும். திருக்கோவிலூர்ப் பக்கம் செல்லும் வாய்ப்பு நேரின், பெண்ணை ஆற்றின் நடுவே நிற்கும் அப்பாறையையும் காட்டி, தோழனின் மக்களை அமானிதமாகக் கொண்டு நெடுந்தொலைவு நடந்த ஒரு முதியவர் இங்கே உயிர் நீத்தார் என்பர் என்றும் சொல்லலாம்.

பனந்துண்டம் துளிர்த்த கதையையும் கூடவே சொல்லுங்கள். அப்பந்தலில் வந்து அமர்ந்த மூவர் யாவர் என்பதையும் மறவாமல் சொல்லுங்கள்.